காதுக்குப் பின்னால் ஒரு வட்டம்

ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சங்கிலிக் கொக்கியை மாட்டிவிடச் சொல்லி மகளிடம் கழுத்தைக் காட்டினேன். முடியைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, வாட் இஸ் திஸ்?"

காதுக்குப் பின்னால் கால் டாலர் காசு அளவுக்கு முடியே இல்லை. கணவர் போனில் படம் எடுத்துக் காட்டினார். சவரம் செய்ததுபோல் வழவழப்பான தோல். வலியில்லை, அரிப்பில்லை. முடியை விரித்துவிட்டுக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

தோல் டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஈரோட்டிலிருந்து அம்மா வீடியோ காலில், "சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேயி கண்ணு, தானா மொளைக்கும்" என்றாள். தேய்த்தேன். தோல் எரிந்ததுதான் மிச்சம். அதற்குள் உச்சியில் இன்னொரு வட்டம் விழுந்தது. வகிட்டை மாற்றிப் பார்த்தும் மறையவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவைத்து, நெட்வொர்க் சரியில்லை என்றேன். யாரும் துருவிக் கேட்கவில்லை.

டாக்டர் என்னைவிட இளையவர். வட்டத்தின் ஓரத்து முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது, ஷாம்பூவோ தண்ணீரோ காரணமில்லை என்றார். தைராய்டு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு சிகிச்சைகளைச் சொன்னார். முடி போன இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம். தடவும் மருந்தும் உண்டு, பலன் தெரிய நாளாகும். தலை முழுக்கப் பரவினால் மாத்திரை இருக்கிறது, ஆனால் அது எதிர்ப்புச் சக்தியை அடக்குவது, எனக்கு இப்போது தேவையில்லை.

"எதுவும் செய்யாமல் விட்டால்?"

"தானாகவே வளரலாம். பரவவும் செய்யலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாது."

தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஊசியே போடுங்கள் என்றேன்.

மெல்லிய ஊசிதான், ஆனால் நெருக்க நெருக்கமாகக் குத்தினார். கண்ணில் நீர் முட்டியது. என் கையைப் பிடித்துக்கொள்ள வந்த கணவர், உச்சியில் ஊசி இறங்குவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். நர்ஸ் அவரை உட்காரவைத்து ஆப்பிள் ஜூஸ் கொடுத்தாள். பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன்.

"ஏனுங்க, அடுத்த தடவ வெளியவே உக்காந்துக்கறீங்களா?"

"உனக்கு ரொம்ப வலிச்சுதா?"

"வலிச்சுதுங்க."

அடுத்த முறையும் அவர் உள்ளேதான் வந்தார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்களில் காதுக்குப் பின்னால் பூனைமுடி போல முளைத்து, பிறகு கறுத்தது. உச்சியில் வெள்ளையாக முளைத்தது. நிறம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

குளிர்காலத்தில் பிடரியில் புதிதாக ஒன்று விழுந்தது. இந்த முறை எனக்குப் பதற்றம் வரவில்லை. தேதி வாங்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்தத் தேதி வருவதற்குள் அங்கே முடி முளைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் போய்க் காட்டினேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, இன்று ஊசி வேண்டாம் என்றார்.

கணவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். நம்மூர்க் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவர் இரண்டாவது தோசையும் கேட்டு வாங்கினார்.