குடத்தைப் பின்னால் தள்ளு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையால் சாப்பிட்டுத்தான் வளர்ந்தன. ஆறும் இன்று நன்றாக இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, என்னை யாரும் லேசாக எண்ணிவிடக் கூடாது பாருங்கள். என் பெயரை எழுதுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன். அதற்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல பேத்திதான் இதை எழுதுகிறாள்.

இது நடந்தது போன மழைக்காலத்தில், தாராவியில் எங்கள் வீட்டில்.

எனக்கு செஸ் ஆடத் தெரியும். கடைசி மகன் சின்ன வயதில் கால் ஒடிந்து கட்டோடு கிடந்தபோது, அவனை ஓரிடத்தில் இருக்க வைக்க என் வீட்டுக்காரர் பலகையும் காயும் வாங்கி வந்தார். குர்லாவில் பட்டறை வேலை அவருக்கு. கூட வேலை பார்த்த இந்திக்காரர்கள் சொல்லிக் கொடுத்த ஆட்டம் அது. குறுக்கே போகிற காயை, மற்றவர்கள் பிஷப் என்பதை, அவர்கள் ஒட்டகம் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அது ஒட்டகம்தான். மகன் கால் சரியானதும் தெருவுக்கு ஓடிவிட்டான். ஆட்டம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. அவர் இருந்தவரைக்கும் அவரோடு ஆடினேன். இப்போது போனில் ஆடுகிறேன்.

பேத்தி என்னைப் போனில் ஒரு செஸ் குரூப்பில் சேர்த்துவிட்டிருந்தாள். மாட்டுங்கா, செம்பூர், சுனாபட்டி, சான்பாடா என்று பல இடத்துத் தமிழர்கள் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம், முறை வந்தவர்கள் தாங்கள் ஆடி முடித்த ஆட்டத்தைப் போடுவார்கள். எந்தக் காயை எங்கே வைத்தது தப்பு, எது சரி என்று மற்றவர்கள் சொல்வார்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும். எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள். எழுத்து வராததால் நான் வாயால் பேசி அனுப்புவேன். வருகிற பதிலைப் பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

"நல்லா ஆடிருக்கீயன்னு போட்டிருக்காவ ஆச்சி" என்பாள். நானும் விடாமல், "சந்தோஷம் தம்பி, நல்லா இருங்க" என்று பேசி அனுப்புவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை. பேத்தியைக் காலேஜில் நாசிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஆட்டத்தைப் போட்டுவிட்டு, மருமகளிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

"யத்தே, இத வாசிக்கணுமா?"

"வந்தத வாசி. எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

அவள் வாசித்தாள். குதிரைப் படம் வைத்திருந்த ஒருவர் எழுதியது அது. "இந்த ஒட்டகக் கிழவிக்கு எவன் போன் வாங்கிக் கொடுத்தான்? தாராவிக் குழாயடியில் சண்டை போடுவதை விட்டுவிட்டு இங்கே எதுக்கு வருது?"

பழையதையும் மேலே தள்ளி வாசிக்கச் சொன்னேன். மூளையை வாடகைக்கு விட்டாச்சா என்று ஒன்று. பேத்தி பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று ஒன்று. பெரும்பாலும் அந்தக் குதிரைப் படம், கூடவே சிரிக்க இன்னும் சிலர். ஒவ்வொன்றுக்கும் கீழே என் குரல் வருகிறது, "சந்தோஷம் தம்பி, நல்லா இருங்க."

திட்டு எனக்குப் புதிது இல்லை. திட்டினவனுக்கு மாசக்கணக்கில் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்திருக்கிறேனே, அதுதான் நெஞ்சில் தைத்தது.

அன்றே குரூப்பை நடத்துகிற மாட்டுங்காக்காரர் போன் செய்தார். ரிட்டையர் ஆன ஆபீசர், மரியாதையான மனிதர்.

"தப்பா எடுத்துக்காதீங்கோம்மா. நீங்க பேசினா அவர் எழுதறார், அவருக்குப் பதில் சொல்றேன்னு இன்னும் நாலு பேர் சண்டைக்கு வரா. குரூப்பே ஒடஞ்சுடும்போல இருக்கு. கொஞ்ச நாள் நீங்க வெளியில இருங்கோளேன்."

"திட்டுனவரு உள்ள இருப்பாரு, திட்டு வாங்குனவ வெளிய போவணுமாக்கும்?"

"அவரை எடுத்தா வேற பேர்ல வந்து நிப்பார்மா. நான் என்ன பண்றது, சொல்லுங்கோ."

அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பது எனக்கு அந்தக் குரூப்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு, காய் நகர்த்துவதைப் பற்றி என்னோடு பேச வேறு யாரும் கிடையாது. அதை விட்டுவிட்டு எதற்குப் போக வேண்டும்?

"நான் ஒண்ணு பேசிக்கிடுதேன் சார். அதுக்குப் பொறவும் போன்னு சொன்னா போறேன்" என்று வைத்துவிட்டேன்.

மருமகளைப் பட்டனை அழுத்தச் சொல்லிப் பேசினேன். பேத்தி அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள், அப்படியே எழுதச் சொல்கிறேன்:

"குதிரப் படம் வச்சிருக்க தம்பி, நீங்க எழுதுனது நெசந்தான். நான் தாராவிக் குழாயடிக்காரிதான். அங்க எப்படிச் சண்ட போடுவோம்னும் கேட்டுக்கிடுங்க. கொடத்த ஏன் முன்னால வச்சன்னு எவ்வளவு சத்தம் வேணும்னாலும் போடலாம். கேக்கவன் காது கிழிஞ்சாலும் பரவால்ல. ஆனா வாயி ஆளு மேல, பொறப்பு மேல, வீட்டு மேல போச்சுன்னு வைங்க, பின்னால நிக்கவ அவ கொடத்தக் காலாலயே தள்ளிக் கடைசில கொண்டு விட்ருவா. ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். நாளைக்கும் அதே குழாதான், அதே மூஞ்சிதான், அதனால. இங்க ஒங்களுக்கு மூஞ்சி இல்ல, குதிரதான் இருக்கு. அதான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எழுதுன அதே வார்த்தைய ஒங்க வாயால சொல்லி அனுப்புங்க. சொல்லிட்டீயன்னா, நானே இந்தக் குரூப்ப விட்டுப் போயிருதேன்."

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன யத்தே, இப்படிச் சொல்லிட்டீய! அவன் சொல்லிட்டாமுன்னா?"

சொல்லிவிட்டால் போக வேண்டியதுதான். சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவள் இல்லை. டீ போட்டேன், அதைக் குடிக்க மறந்தேன். அவர் ஏதோ பேசிப் பதிவு செய்கிறார் என்று போன் காட்டும், பிறகு ஒன்றும் வராது. மறுபடியும் காட்டும், மறுபடியும் ஒன்றும் வராது.

முதலில் வந்தது ஒரு பெண் குரல். சுனாபட்டிக்காரி, அதுவரை குரூப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. "எனக்கும் இவர் இப்படித்தான் எழுதினார். சமையல்கட்டுல மூளையைக் கழட்டி வச்சுட்டு வந்தியான்னு. அதோட என் ஆட்டத்தைப் போடறதையே நிறுத்திட்டேன். குதிரைப் படத்து சார், அந்த அம்மாவுக்குச் சொல்லும்போது எனக்கும் சேர்த்துச் சொல்லிடுங்க."

அடுத்து சான்பாடாவிலிருந்து ஒரு பெரியவர், "சொல்லுப்பா, நானும் காதை வச்சுண்டு காத்திண்டிருக்கேன்" என்றார். பிறகு செம்பூர்க்காரர் ஒருவர். அதுவரை எழுத்தாகவே கிடந்த குரூப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள். மருமகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "யத்தே, குழாயடி மாரியேல்லா இருக்கு!"

மறுநாள் சாயங்காலம் குதிரைப் படத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது. எதிர்பார்த்த மாதிரி முரட்டுக் குரல் இல்லை. தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார்.

"அம்மா... பேசிப் பேசி அழிச்சேன். எங்கம்மா உள்ளே சப்பாத்தி போட்டுட்டு இருக்காங்க, அவங்க காதுல விழுமேன்னு வார்த்தையே வரல. மன்னிச்சிடுங்க. அந்த மேடமும் மன்னிக்கணும்." பிறகு குரலில் பழைய வேகம் வந்துவிட்டது. "ஆனா ஒண்ணு சொல்றேன்மா, நேத்து நீங்க அந்த ஒட்டகத்தைக் கொண்டுபோய் அங்க வச்சது சுத்த மோசம். உங்க யானை போகுது, கண்ணுக்குத் தெரியலையா?"

பலகையை எடுத்துக் காய்களை அடுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. யானை அநியாயமாகத்தான் போகிறது. அதைவிட இன்னொன்றைக் கவனித்தேன். அவர் வாயிலும் அது ஒட்டகம் ஆகிவிட்டிருந்தது!

"ஆமா தம்பி, தப்புதான். இந்த மாரித் திட்டுங்க, நாள் பூரா ஒக்காந்து கேக்கேன்" என்று பேசி அனுப்பினேன்.

அந்த வாரமே மாட்டுங்காக்காரர் குரூப்புக்குச் சட்டம் போட்டுவிட்டார். ஆட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆளைத் திட்டினால் அவருடைய முறை வரிசையில் கடைசிக்குப் போகும். என்னைப் போகச் சொன்னதற்குத் தனியாகப் போன் செய்து வருத்தமும் சொன்னார். "உங்க குழாயடிக்குத்தான்மா நன்றி சொல்லணும்" என்றார். அதில் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இப்போது யாராவது எல்லை தாண்டினால் உடனே ஒரு பானைப் படம் வந்து விழுகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது, பானை மட்டும்தான். குடத்தைத் தூக்கி வரிசையில் நின்றே பழகாத, அறைக்கு அறை குழாய் வைத்திருக்கிற ஃபிளாட்காரர்கள் அதைப் போடுகிறார்கள். பானை வாங்கினவர் முணுமுணுத்துக்கொண்டு கடைசிக்குப் போகிறார். முதல் பானையைப் போட்டவர் யார் தெரியுமா? குதிரைப் படக்காரர்தான். சுனாபட்டிக்காரி மறுபடியும் தன் ஆட்டங்களைப் போடுகிறாள். அந்தக் குரூப்பில் யார் உதவியும் இல்லாமல் நானே வாசிக்கிறது அந்தப் பானை ஒன்றைத்தான்.

நாசிக்கிலிருந்து திரும்பிய பேத்தியை நிற்க வைத்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டாள். "ஒங்களுக்கு வலிக்குமேன்னுதான் ஆச்சி, திட்டுனத விட்டுட்டு மாத்தி வாசிச்சேன்."

"வலிச்சா வலிச்சிட்டுப் போவுதுட்டி. தெரியாம சிரிச்சிட்டு இருந்தம்லா, அது வேண்டாம் எனக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் விடுவதில்லை.

குழாயடிச் சண்டை என்று ஊரே இளக்காரமாகச் சொல்கிறது. அந்தக் குழாயடியில் நாங்கள் கட்டிக் காத்த மரியாதை இன்று படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் இருக்கிற ஓர் இடத்தைக் காத்து நிற்கிறது. போனில் அந்தப் பானை வந்து விழும்போதெல்லாம், என் குடம் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

ஏட்டி, எழுதுனது போதும். எங்க, மொதல்ல இருந்து வாசி பாப்போம். ஒண்ணையும் விடக் கூடாது, அவரு திட்டுனதையும் சேத்து வாசி.