ஜவ்வரிசிக் கஞ்சி குடித்த லாரிக்காரன்

மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சேர்வராயன் மலை மெல்ல உருகத் தொடங்கியது. விளிம்பெல்லாம் நனைந்த துணி மாதிரி தொய்ந்து, மலையும் வானமும் ஒன்றாகி, பார்க்கவே சுகமாக இருந்தது. எதிரே வந்த பஸ்ஸும் அதே சுகத்தில் கரைந்தபோதுதான் வண்டியை ஓரங்கட்டினேன்.

சேகோ ஆலைகளிலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவது என் தொழில். அஸ்தம்பட்டி டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரை ரொம்ப ஏறினா கண்ணுல இருக்கற லென்ஸ் (பார்வையைக் குவிக்கும் பகுதி) உப்பிப்போகும், பார்வை கலங்கும். சர்க்கரை எறங்கினா பெரும்பாலும் தெளிஞ்சுரும். அதுவரைக்கும் லாரியைத் தொடாதீங்க. சோத்தைக் குறைங்க."

லாரியைத் தவிர எனக்கு எதுவும் ஓட்டத் தெரியாது. குடும்பத்தைக்கூட என் மனைவி சரசுதான் ஓட்டுகிறாள்.

சோற்றை ஒரேயடியாக நிறுத்தினேன். பதிலுக்கு மூன்று வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சி, உப்புப் போட்டு. எங்கள் பக்கம் காய்ச்சல் என்றாலும் வயிறு கெட்டாலும் அதுதான் கொடுப்போம். நோயாளிச் சாப்பாடு நோயாளிக்கு ஆகாமல் போகுமா?

குடித்ததும் உடம்பு மிதக்கும். ஆலைக் களத்தில் வெள்ளை வெளேரென்று காயும் ஜவ்வரிசியின்மேல் பரிசலில் போவதுபோல் கிறங்கிக் கிடப்பேன். விழித்தால் பசி. அகோரப் பசி.

"ஏனுங்க, இப்பத்தான ஒரு குண்டான் குடிச்சீங்க?"

"நோவு தீருதுல்ல, அதான் பசிக்குது."

"நோவு தீரலைங்க. ஊட்டுல ஜவ்வரிசிதான் தீந்துபோச்சு."

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அது மரவள்ளிக்கிழங்குங்க. முழுக்க மாவுச்சத்து (உடம்புக்குள் போய் சர்க்கரையாக மாறுவது)."

"சர்க்கரையே போடலீங்களே?"

"நீங்க போடல, உங்க குடல் போட்டுக்கிச்சு. அந்தச் சர்க்கரை ரத்தத்துலயே சுத்துது, உடம்புக்குச் சேரல. அதான் இப்படிப் பசிக்குது."

கூட வந்திருந்த சரசு சும்மா இருக்கவில்லை. "ஊருக்குப் போற லோடுல பாதி இவருக்குள்ளயே எறங்கிருச்சுங்க டாக்டர்."

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டு வரிசையையும் மாற்றினார். முதலில் கீரை, பிறகு முட்டை, கடைசியில் கொஞ்சம் சோறு. அது வருவதற்குள் வயிறு பாதி நிறைந்திருக்கும். பந்திக்குப் பிந்தி வந்த பங்காளி மாதிரி சோறு தட்டோரம் கூச்சத்தோடு உட்காரும்.

கண் ஒரே நாளில் தெளியவில்லை. முதலில் பஸ்களின் ஊர்ப்பெயர் திரும்பி வந்தது. பிறகு வேப்பமரத்தில் தனித்தனி இலைகள். வாரங்கள் கழித்துத்தான் டாக்டரம்மா, "இனி ஓட்டுங்க" என்றார். உங்களுக்கும் சர்க்கரை என்றால், எந்தக் கஞ்சியையும் நம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது பசி கத்திக்கொண்டு வருவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ வயிற்றுக்குள் மெதுவாக நடப்பதுபோல் வருகிறது. முன்பெல்லாம் சாப்பிட்டதும் கண் சொக்கும், விழித்தால் சாயங்காலம். இத்தனை வருஷ மதியங்களையும் நான் தின்றே தீர்த்திருக்கிறேன். இன்று ராசிபுரம் தாண்டி வண்டியை நிறுத்திச் சாப்பிட்டேன். புளியமரத்து நிழல் கிழக்கே ஒரு சாண் நகர்வதை முழுசாகப் பார்த்தேன். தூக்கம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. சாவியைத் திருப்பினேன்.