கிளம்பும் வண்டியிடம் கேட்கக் கூடாதது

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் மேனேஜராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்ததைக் காட்ட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. சேர்ந்த மாதமே ஒரு படிவம் அச்சடித்தேன். கேட்டைத் தாண்டும் முன் வண்டியை நிறுத்தி, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொள்வேன்.

இளைஞர்கள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். அறுபதை நெருங்கும் ஓட்டுநர் ஒருவர் மட்டும், நான் கேட்டதும் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தார். மூன்று தடவை இப்படியே நடந்தது. நூல் லோடு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

"இன்னொரு தடவ லேட்டானா அவர வெளிமாநில வண்டியில இருந்து எறக்கிடப்பா. உள்ளூர்லயே ஓட்டட்டும்" என்றார் முதலாளி.

எச்சரிக்கைக் கடிதம் தயார் செய்து பெரியவரிடம் நீட்டினேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, கெளம்பற வண்டிய நிறுத்தி எங்க போறீங்கன்னு கேட்டா ஆருங்க போவா? முப்பது வருசமா ஒருத்தர் மேலயும் இடிக்காம ஓட்டறனுங்க."

பக்கத்தில் நின்ற இளம் ஓட்டுநர் விடவில்லை. "ஏன் மாமா, போன்ல மேப்பு போட்டா அதுவுந்தான் எங்க போறேன்னு கேக்குது. அதுக்கும் எறங்கித் தண்ணி குடிப்பீங்களா?"

"அது வழி சொல்லுது மாப்ள. வாய் வெக்கறதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா சுமை தூக்குகிறவர். அவர் கிளம்பும்போது எங்கே என்று கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். படிவம் அச்சடித்த அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. வர நான் விடவில்லை என்பதுதான் சரி.

மறுநாள் லோடு ஏறும்போதே, டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"அவருக்கொரு சட்டம், எங்களுக்கொரு சட்டமாங்க சார்?" என்றார் இளையவர். நியாயமான கேள்வி. கேட்டில் யாரையும் நிறுத்துவதில்லை என்று மாற்றினேன். லோடு ஏறும்போது நேரில் சொல்லலாம், போனிலும் அனுப்பலாம்.

தாமதத்துக்குக் காரணம் என் படிவம்தான் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு நாள் ஆனது. "அப்ப அவரே ஓட்டட்டும்" என்று முடித்துக்கொண்டார்.

பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"அதுல வண்டிக் கண்ணாடி தொடச்சுட்டனுங்க சாமி" என்றார். "நல்ல காயிதம்."