எதுல கேட்டே?

அடமோரிடம் அவனுடைய பாட்டைப் பற்றி உண்மையைச் சொல்வதும் ஒன்றுதான், சுவரில் போய் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். சுவராவது திருப்பிக் கேள்வி கேட்காது. இவன் கேட்பான். "எதுல கேட்டே?"

இந்தக் கேள்வியை முதலில் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் வாயில் மண்ணைப் போட! எங்கள் குழுவையே குட்டிச்சுவராக்கியது அதுதான். குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆற்றோரத்து ஜுருனாஸ் பகுதியில் பிழைப்பு போக மிச்ச நேரத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பிரேகா என்கிற எங்கள் ஊர் ஆட்டப் பாட்டுக் கட்டுகிற கிறுக்கர்கள் சிலர், வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொண்டோம். பெயர் 'மூஞ்சிக்கு நேரே'. ஒருத்தர் பாட்டை அனுப்பினால் மற்றவர்கள் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், சொல்லி முடிக்கும் வரை பாட்டுக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான். பெயர் மரில்டா, அசாயிப் பழக்கூழ்க் கடை வைத்திருக்கிறேன். காலையெல்லாம் பழம் அரைக்கிற மெஷினோடு மல்லுக்கட்டு, தினமும் மதியம் பெய்கிற மழை விட்ட பிறகு கீபோர்டோடு மல்லுக்கட்டு.

சட்டத்தை யார் மதித்தார்கள்? நகம் அலங்கரிக்கிற டிசியானி ஒரு பாட்டு அனுப்புவாள். நல்ல குரல்காரி. "மேல போறப்ப சுருதி விலகுது கண்ணு" என்று நான் எழுதுவேன். உடனே பதில் வரும். "எதுல கேட்டேக்கா?" போனில் என்றால், "அதான் பார்த்தேன்." இயர்போனில் என்றால், "அந்த ஒத்தக் காது வேலை செய்யாததுலயா?" காரில் என்றால், காருக்கு தும் தும் என்கிற பாஸ் சத்தம் அதிகம். ஆக, கேட்டவரின் கருவிதான் குற்றவாளி, பாட்டு எப்போதும் நிரபராதி. இதில் வேடிக்கை என்னவென்றால், 'அருமை' என்று சொன்னவனிடம் மட்டும் எதில் கேட்டாய் என்று ஒருத்தரும் விசாரித்ததில்லை. அப்படி அருமை போடுகிறவன் ஜில்வாண்ட்ரு. பெரிய ஸ்பீக்கர் கட்டிய சைக்கிளை மிதித்துக்கொண்டு தெருத்தெருவாக மருந்துக்கடைக்கும் மரவள்ளிப் பொரிமாவுக்கும் விளம்பரம் போடுகிறவன். பாட்டு முழுதாக இறங்குவதற்கு முன்னாலேயே அவனுடைய 'அருமை' வந்து இறங்கிவிடும்.

சரி, அடமோருக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். பன்னிரண்டு வயதில் தீவிலிருந்து வந்து சித்தப்பாவின் பட்டறையில் நுழைந்தவன், ஐம்பதைத் தாண்டியும் அங்கேதான் இருக்கிறான். மூடி கழற்றிய இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தலையை உள்ளே நுழைத்துக் கேட்பான். எங்கே திருகு தளர்ந்திருக்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பானாம். ராட்சசத்தனமாக உழைப்பான், முசுடு, யாரிடமும் ஓசியில் ஒரு காபி குடிக்க மாட்டான். பாட்டு என்று வந்தால் மட்டும் சின்னப் பிள்ளை. குழுவில் அவன்தான் அதிகம் பாட்டு அனுப்புவான், அவன்தான் அதிகம் அடம்பிடிப்பான். தன் ஃபைலை யாரையும் தொடவிட மாட்டான். "என் பிள்ளைக்கு நான்தான் முடி வெட்டுவேன்" என்பான்.

அவனுடைய பாட்டில் ஒரே ஒரு கோளாறு. சிம்பல், டிரம்மோடு அடிக்கிற அந்த வெண்கலத் தட்டு. ஐயோ, அந்தச் சிம்பல்! முதல் தாளத்திலிருந்து கடைசி வரை 'ட்ஸீக் ட்ஸீக்' என்று ஊசியை எடுத்துக் காதுக்குள் சொருகுவது போல. அதற்குப் பின்னால் யார் பாடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்றே தெரியாது. எல்லாப் பாட்டிலும் இதே கதை. நான் சொல்லாத நாளில்லை.

"யோவ் அடமோர், சிம்பலைக் கொஞ்சம் குறைய்யா, பல்லு கூசுது."

"எதுல கேட்டே?"

"எதுல கேட்டா என்னய்யா? எதுல கேட்டாலும் கூசுது!"

"உன் போன்ல கீச்சுக்கீச்சுன்னுதான் வரும். நல்ல ஸ்பீக்கர்ல போட்டுப் பாரு, தேனா இருக்கும்."

தேனாம்! அவனுடைய மனைவி எடிலேனியிடம் கேட்டால், பாட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள். டிசியானி அவனுக்கு முன்னால் வாயே திறக்க மாட்டாள். ஜில்வாண்ட்ருவின் அருமையைத்தான் சொல்லிவிட்டேனே. நான் ஒருத்திதான் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அவன் வைத்த பெயர் பொறாமைக்காரி.

இப்படியே போயிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஒரு வாரம் டினால்டு தன் படகு இன்ஜினோடு அடமோரின் பட்டறைக்கு வந்தான். 'இடிராணி' என்ற பெரிய ஸ்பீக்கர் மேடையை வைத்து ஊர் ஊராகக் கூத்து நடத்துகிறவன். அவன் ஒரு பாட்டைப் போட்டால் மறுநாள் அது பேருந்தில், சந்தையில், மீன் கடையில் எல்லாம் ஒலிக்கும். அவன் போடாத பாட்டு எங்களைப் போன்றவர்களின் போனிலேயே கிடந்து சாகும். இன்ஜினை மறுநாளே அடமோர் சரிசெய்து கொடுத்ததில் அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"நீ பாட்டு கட்டுவியாமே? வெள்ளிக்கிழமை இருட்டுறதுக்குள்ள துறைக்குக் கொண்டா. தீவுக்குப் புறப்படுறதுக்கு முன்னாடி கேட்கிறேன். ஒரு தடவைதான் கேட்பேன். தேறலைன்னா அப்புறம் பாட்டுன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாழ்க்கையிலேயே அடமோர் கேட்ட ஒன்றே ஒன்று அதுதான். இடிராணியில் தன் பாட்டு ஒருமுறை ஒலிக்க வேண்டும். அதற்காகக் கட்டிய பாட்டை அன்று மாலையே குழுவில் போட்டான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: 'இந்தத் தடவை நிஜமாவே சொல்லுங்க.' எனக்கே பாவமாகிவிட்டது. கேட்டேன். ட்ஸீக் ட்ஸீக் ட்ஸீக். போனைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாமா என்று வந்தது.

எழுதினேன். அவனும் எழுதினான். என்ன எழுதியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுத்திலேயே குடுமிப்பிடி. கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கருவிதானே உனக்குப் பிரச்சினை? ஊரறிந்த கருவியிலேயே போட்டுவிடுவோம். ஜில்வாண்ட்ருவைக் கூப்பிட்டு, மழை விட்டதும் சைக்கிளோடு என் கடை வாசலுக்கு வரச் சொன்னேன். அடமோரையும் லேப்டாப்போடு வரச் சொன்னேன். டிசியானி தானாகவே வந்துவிட்டாள், வேடிக்கை என்றால் விடுவாளா?

வெள்ளிக்கிழமை மழை விட்டது. லேப்டாப்பை அசாயிப் பாத்திரம் வைக்கிற மேசையில் வைத்து, ஸ்பீக்கரோடு வயரை இணைத்தோம். அடமோர் தலையெல்லாம் சீவிக்கொண்டு வந்திருந்தான். பாட்டைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

தெருவில் நடந்தது வேறு. எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. மருந்துக்கடைக்காரி வெளியே வந்து, "யாருடா அது தகரத்தை அறுக்கிறது?" என்று கத்தினாள். டிசியானி இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டாள். அருமை மன்னன் ஜில்வாண்ட்ருவே என் பக்கம் சாய்ந்து, "எக்கா, என் ஸ்பீக்கர் கிழிஞ்சிடப் போகுதுக்கா" என்று முனகினான்.

"என்கிட்ட சொல்லாதே. அவன்கிட்ட சொல்லு" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். நான் பாட்டை நிறுத்தினேன்.

"தேனா இருந்துச்சுல்ல?" என்றான் அடமோர்.

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. "தேனா? தெருவே காதைப் பொத்திக்கிட்டு நிக்குது, நீ தேனுங்கிறியா? நகருய்யா, எது குத்துதுன்னு தனியா எடுத்துக் காட்டுறேன்." அவன் தடுப்பதற்குள் லேப்டாப்பைப் பிடுங்கி, ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க மொத்தச் சத்தத்தையும் பாதியாக்கினேன். குரல், பாஸ், டிரம், கிட்டார் எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டு, அந்தப் பாழாய்ப்போன சிம்பலை மட்டும் விட்டு ஓட்டினேன். ட்ஸீக் ட்ஸீக் ட்ஸீக். சுத்தமாக, தனியாக, கொன்றது. மூலையில் கிடந்த நாய் எழுந்து ஓடியது.

"கேளு. நல்லாக் கேளு" என்றேன்.

அடமோர் என்னைப் பார்த்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான். காத்துக்கொண்டிருந்தான்.

"ம், போடு" என்றான்.

"போட்டாச்சு."

"எங்க போட்டே? ஒண்ணுமே வரலையே. வயர் புடுங்கிக்கிச்சா பாரு."

டிசியானி காதிலிருந்து விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தாள். ஜில்வாண்ட்ருவின் வாய் திறந்தபடியே நின்றது. சிம்பல் ஓடிக்கொண்டேயிருந்தது. அடமோர் குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தான். பிறகு நிமிர்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஓடிட்டிருக்கா?" என்றான்.

"ஓடிட்டுதான் இருக்கு அடமோர்."

எனக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை வருஷம் ஒரு மனுஷனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், அவனுக்கு அந்தச் சத்தம் சரியாகப் போய்ச் சேரவே இல்லை. அவன் காதை இன்ஜின்கள் தின்றுவிட்டிருக்கின்றன.

அவன் அசாயி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். "சிம்பலே காதுல விழலைன்னு ஏத்துவேன். இன்னும் ஏத்துவேன். லேசாக் கேட்டதும் நிறுத்திடுவேன்." என்னை நிமிர்ந்து பார்த்து, "எல்லாப் பாட்டுலயுமா?" என்றான்.

"எல்லாத்துலயும்."

"ஏன் எவனும் சொல்லலை?"

"யோவ்! சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சுய்யா!" என்று கத்தியேவிட்டேன். மருந்துக்கடைக்காரி மறுபடி எட்டிப் பார்த்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. டினால்டுவின் படகு கிளம்பிவிடும். "நான் அவன்கிட்ட போகலை" என்றான். "பைத்தியமா உனக்கு?" என்றேன். "உனக்குக் கேட்கலைன்னா என்ன, எங்க காது இருக்குல்ல?" அவன் எழுந்து வந்து லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

"நீ குறை."

குறைத்தேன். அவனுக்கு எதுவும் மாறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை, டிசியானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போதுமா?" என்று அவளிடம் கேட்டான். "இன்னும் கொஞ்சம்ணே." குறைத்தேன். அவள் ஒரு விரலை எடுத்தாள். இன்னும் குறைத்தேன். இன்னொன்றையும் எடுத்தாள். ஜில்வாண்ட்ரு, "இப்ப நெஜமாவே நல்லாருக்குண்ணே" என்றான். பாட்டுக்காரனிடம் அவன் அருமை தவிர வேறு வார்த்தை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஸ்பீக்கர் சத்தத்தைப் பழையபடி ஏற்றி முழுப் பாட்டையும் ஓட்டினோம். அடேயப்பா! அதற்குள் ஒரு கிட்டார் இருந்தது. அவனே வாசித்தது, தண்ணீர் மாதிரி வளைந்து வளைந்து ஓடியது. அவன் கிட்டார் வாசிப்பான் என்று எங்களுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அதைக் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றான் அடமோர்.

"ரொம்ப நல்லாருக்கு."

"எனக்குத் தாளமே இல்லாம வெறுங்கூடா இருக்கு மரில்டா. என் பாட்டு மாதிரியே இல்லை." பாட்டை பென் டிரைவில் ஏற்றி, அதை லேப்டாப்பிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "உங்களுக்கு நல்லாருக்குன்னா சரி. குடுத்துட்டு வரேன்." ஜில்வாண்ட்ருவின் சைக்கிளில் ஸ்பீக்கர் மேலேயே தொற்றிக்கொண்டு துறைக்குப் போனான்.

டினால்டு முழுதாகக் கேட்டானாம். கிட்டார் யாருடையது என்று கேட்டானாம். மறுநாள் தீவில் போட்டான், அடுத்த வாரம் மீன் சந்தையில் நானே கேட்டேன். ஜுருனாஸ் முழுக்க அடமோரோடு கைகுலுக்கியது. எல்லாருக்கும் நன்றி சொன்னான், சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், மழை விட்ட நேரம், அவன் வீட்டிலிருந்து அந்தச் சனியன் பிடித்த சத்தம் தெருவையே அறுத்தது. ட்ஸீக் ட்ஸீக் ட்ஸீக். பழைய ஃபைல்! எனக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப்போய்க் கதவை இடித்தேன். கதவைத் திறந்தவன் முகத்தில், சைக்கிள் பக்கத்தில் கண்ணை மூடி நின்றபோது இருந்த அதே பூரிப்பு.

"யோவ், இன்னுமா இதைப் போடுறே? காது கிழியுதுய்யா, குறை!"

"குறைச்சா எனக்குப் போயிடும் மரில்டா" என்றான்.

கோபம் அப்படியே கையில் நின்றது.

"சரி, இந்த ஒரு பாட்டு. இது முடிஞ்சும் ஓடுச்சுன்னா வயரை அறுத்துடுவேன், பார்த்துக்க" என்றேன். காதைப் பொத்திக்கொண்டு அவன் வாசற்படியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.