ஜெனீற்றாவும் உலைப் பாட்டும்

ஜெனீற்றாவுக்கு வாழ்க்கையில் ஓர் ஆசைதான். கோயிலில் அவள் பாட்டைத் தொடங்கினால் சனமும் சேர்ந்து பாடவேண்டும். கேட்பவருக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது. ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் கரைச் சனத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். வலை இழுக்கும்போது தொண்டை கிழியக் கத்துவார்கள். மீன் விலைக்குச் சண்டை பிடித்தால் அடுத்த தீவுவரை கேட்கும். அதே சனம் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது குரலையும் கழற்றி வைத்துவிடும்.

சின்னப் பெட்டையாக இருந்த நாளிலிருந்து பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். பக்கத்தில் இருந்து ஓகன் பெட்டி வாசிப்பவன் நான். அவள் கையை உயர்த்திச் சனத்தைப் பார்ப்பாள், கண்ணால் கெஞ்சுவாள், சில நாட்களில் முறைப்பாள். சனம் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பூசை முடிந்தபின் வந்து, நல்லாப் பாடினீர் என்று சொல்லிவிட்டுப் போகும். அதைக் கேட்டால் அவளுக்கு அழுகை வரும். பாராட்டை அவள் எந்த நாளும் கேட்டதில்லை.

அவளுடைய வீடு கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குப் பக்கத்து வளவு. புருஷன் யாக்கோப்புத்தான் சங்கத் தலைவர். கட்டடத்தின் உச்சியில் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. புயல் அறிவித்தல் சொல்வதற்கென்று பூட்டியது. புயல் எப்போதாவதுதான் வரும் என்பதால் மிச்ச நாளெல்லாம் அதில் முத்துக்கடல் எப்.எம். போகும். 'நாள் முழுவதும் புத்தம் புதிய பாடல்கள்' என்று அந்த வானொலி பாட்டுக்குப் பாட்டு சொல்லிக்கொள்ளும். நாள் முழுவதும் என்பது உண்மை.

புத்தம் புதிய பாடல்கள் ஒரு கைப்பிடிதான். நேற்று எந்த நேரம் எது வந்ததோ அதே நேரம் அதுதான் இன்றும் வரும். இடையில் சீமெந்து விளம்பரம், நகைக்கடை விளம்பரம், காது கேட்கும் கருவி விளம்பரம். கடைசியாகச் சொன்ன விளம்பரம் எங்களுக்கு அவசியமானதுதான், ஏனென்றால் ஒலிபரப்பில் பாதி நேரம் பாட்டுக்குப் பின்னால் யாரோ அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்கும்.

அந்தப் பாட்டுகளின் உண்மையான பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நண்டு ஏற்ற வரும் கூலர் வாகனத்தின் நேரத்தில் வருவது கூலர்ப் பாட்டு. ஒரு பெண் தன்னைக் கைவிட்டவனை நினைத்து விம்முகிற பாட்டு பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வரும், ஆகவே அது பள்ளிக்கூடப் பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலே உலைப் பாட்டு. ஓர் ஆணும் பெண்ணும் மழையில் நனைந்தபடி ஒருவரையொருவர் பழங்களோடு ஒப்பிடும் பாட்டு அது. அதன் மேளம் தொடங்கியதும் கரையிலுள்ள அத்தனை பெண்களும் எழும்பிப் போய் உலை வைப்பார்கள். மணிக்கூடு பார்க்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போய்விட்டது.

ஜெனீற்றாவுக்கு அந்தப் பாட்டைக் கண்ணில் காட்டக் கூடாது. பாட்டைக் கண்ணில் காட்ட ஏலாதுதான், ஆனால் அவள் அப்படித்தான் சொல்வாள். அடுத்த வளவிலிருந்து நாள்தோறும் தலைக்கு மேலே விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எங்கள் சுவாமியார் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு கோயில்களிலும் பூசை வைத்துவிட்டு எங்களிடம் கடைசியாக வருவார். ஆகவே காணிக்கை நேரம் என்பது கிட்டத்தட்ட உலை வைக்கும் நேரம். பூசைக்காக ஒலிபெருக்கியை நிறுத்தியிருப்பார்கள். போன வருடம் ஒரு ஞாயிறு, அந்த அமைதியில், ஜெனீற்றா காணிக்கைப் பாட்டைத் தொடங்க வாயைத் திறந்தாள். சொற்கள் ஆண்டவருடையவை. மெட்டு உலைப் பாட்டின் மெட்டு.

அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது, என் விரல்களும் அவள் பின்னால் போய்விட்டன. சொற்கள் அந்த மெட்டில் பிசகில்லாமல் உட்கார்ந்தன. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. சனம் பாடியது. ஆண்கள் பக்கத்தில் வாங்குப் பலகையில் தட்டித் தாளம் போட்டார்கள். ஜெனீற்றாவின் முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் முன்பு கண்டதில்லை.

இரண்டாம் அடியில் பெண்கள் பக்கம் எழுந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி, பாடிக்கொண்டே, வரிசை வரிசையாகப் பக்கத்துக் கதவால் வெளியே போனார்கள். சுவாமியார் அப்பத்தை உயர்த்திக்கொண்டு நிமிர்ந்தபோது கோயிலில் பாதி இல்லை. எல்லாரும் உலை வைக்கப் போய்விட்டார்கள். சிலர் அடுப்படிவரை போய்த்தான் இன்று ஞாயிறு என்பதை நினைத்து ஓடிவந்தார்கள். சிலர் வந்தது நாங்கள் கடைசிப் பாட்டுப் பாடும்போது.

பூசை முடிந்ததும் சுவாமியார் ஜெனீற்றாவையும் என்னையும் கூப்பிட்டார். பொறுமையான மனிதர், அன்றைக்குப் பொறுமை முடிந்திருந்தது.

"திருநாளுக்கு ஆயர் ஆண்டகை வாறார்," என்றார். "அண்டைக்கும் இப்பிடி நடந்தால், அதுக்குப் பிறகு பட்டணத்திலயிருந்து பாடகர் குழுவைக் கூப்பிடுவன். நீர் கீழ இருந்து பூசை காணலாம்."

ஜெனீற்றா வீடுவரை அழுதுகொண்டு போனாள்.

அன்றிரவே யாக்கோப்பிடம் ஒலிபெருக்கியைத் திருநாள் முடியும்வரை நிறுத்தச் சொன்னாள். அவர் சங்கத்தில் பேசுவதாகச் சொன்னார், பேசியும் பார்த்தார். சங்கம் கொதித்தது. கூலர்ப் பாட்டு இல்லாமல் நண்டை எப்போது தூக்கிக்கொண்டு வருவது? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து பூட்டிய வீட்டு வாசலில் நிற்பதா? ஒருவரின் பாட்டுக்காக ஊரே பசி கிடப்பதா? தலைவர் வீட்டுக்கு வந்து, ஏலாது என்று ஒரு சொல்லில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவள் காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தாள். பஞ்சு வெளியே இருப்பதைத்தான் தடுக்கும். மெட்டு எப்போதோ உள்ளே குடிவந்துவிட்டது.

கடைசியில் வானொலியிடமே போவதென்று பஸ் ஏறினாள். துணைக்கு நானும் போனேன். பட்டணத்தில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது முத்துக்கடல் எப்.எம். ஒரு கதிரை, ஒரு கணினி, ஒரு காற்றாடி. அப்பளம் பொரிக்கிற சத்தம் அந்தக் காற்றாடியினுடையது.

அறிவிப்பாளர் றஜீபனைக் காற்றலையில் கேட்டால் எங்கோ தொலைக்காட்சியில் பிறந்து வளர்ந்தவர்போல் பேசுவார். நேரில் பார்த்தால் புங்குடுதீவு, இறுப்பிட்டிப் பிள்ளை. எங்களைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. மாடிப்படி ஏறி வந்த முதல் நேயர்கள் நாங்கள்தானாம். தேத்தண்ணி வாங்கித் தந்தார், பக்கத்தில் நின்று படம் எடுத்தார். ஜெனீற்றா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"அக்கா, சொன்னால் நம்பமாட்டீங்கள்," என்றார். "அந்தப் பாட்டை ஒருத்தரும் போடுறேல்லை. அது தானா வருது."

முதலாளியின் மருமகன் கணினியில் பாட்டுகளை ஏற்றி, பூட்டுச் சொல்லையும் வைத்துவிட்டு, பிரான்சுக்குப் போய்விட்டாராம். போனவர் அங்கே முதலாளியின் மகளோடு கோபித்துக்கொண்டதால் இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. ஆகவே பாட்டைக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. இடையில் பேச மட்டும் முடியும். அப்படியென்றால் நேயர் விருப்பம் எப்படி நடக்கிறது என்று நான் கேட்டேன். தொடக்கத்தில் சிரமமாக இருந்ததாம். பிறகு நேயர்களே பழகி, அடுத்து வரப்போகிற பாட்டையே விருப்பமாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். பாட்டைக் கேட்கப் பொறுக்காமல் அவரே காதை மூடும் ஹெட்போன் மாட்டியிருந்தார். அதன் வயர் எதிலும் செருகியிருக்கவில்லை.

தன்னால் ஒன்று மட்டும் செய்ய முடியும் என்று அவர் ஒலிவாங்கியை ஜெனீற்றாவின் பக்கம் திருப்பினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு பேசினாள். எங்கள் கரை முழுக்க அவள் குரல் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"அன்பான சகோதரங்களே, திருநாள் முடியுமட்டும் இந்தப் பாட்டை ஒருத்தரும் கேளாதேங்கோ."

கேளாதேங்கோ என்றதும் உலைப் பாட்டின் மேளம் தொடங்கியது.

நாங்கள் பஸ்ஸால் இறங்கியபோது சங்கத்தடியில் கூட்டம். எங்கள் ஜெனீற்றா ரேடியோவில் பேசிவிட்டாள் என்று சனத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. இதுவரை காது கொடுக்காதவர்களும் அன்றிலிருந்து உலைப் பாட்டு நேரத்தில் வந்து ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றார்கள், மறுபடியும் அவள் பேசுவாளோ என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளுக்குக் கோபிக்கக்கூடத் தெம்பு இல்லை.

திருநாள் வந்தது. ஆண்டகை வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வாசனைத் தைலமும் வெள்ளைக் காற்சட்டையுமாக முன்வரிசையில் நின்றார்கள். ஜெனீற்றா விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. காணிக்கைப் பாட்டுக்கு நான் ஓகனில் சரியான மெட்டை வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடித் தொடங்கினாள். சரியான மெட்டிலேயே தொடங்கினாள், இதை நான் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்வேன். ஒரு சுரம் பிசகவில்லை. சுவாமியாரின் தோள் இறங்கியது. அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடியமுன் சனம் வாயைத் திறந்தது.

ஒருமுறை பாடி ருசி கண்ட வாய்கள். ஆண்டகையின் முன்னால் ஊரின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கோயிலே அதிரும்படி உலைப் பாட்டின் மெட்டில் பாடினார்கள். வெள்ளைக் காற்சட்டைக்காரர்களும் பாடினார்கள், அவர்கள் அங்கேயிருந்து இணையத்தில் இதையேதான் கேட்கிறார்களாம். ஜெனீற்றா ஒருத்தி மட்டும் சரியான மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. சுவாமியார் அவளையே பார்த்தார். விட்டுவிடாதே என்று அந்தப் பார்வை சொன்னது.

அவள் சனத்தைப் பார்த்தாள். வருடக்கணக்காக வாயைத் திறக்காத சனம், கடற்கரையில் கத்துகிற அதே குரலில், கண்ணில் நீர் வரப் பாடிக்கொண்டிருந்தது. பிழையான பாட்டுத்தான், ஆனால் பாடியது. அவள் கையை உயர்த்தினாள். சனத்தோடு சேர்ந்து பாடினாள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை, எனக்கு வேறு வழி வேண்டியிருக்கவும் இல்லை. நானும் விரல்களை விட்டேன்.

பெண்கள் ஒருவரும் எழும்பிப் போகவில்லை, அன்றைக்குச் சமையல் கோயில் பின்வளவில். அங்கே சரவணைக் கிராமத்திலிருந்து வந்த சமையல்காரர் கதிர்காமு மெட்டைக் கேட்டதும் அரிசியைக் கழுவிக் கிடாரத்தில் போட்டார். பூசை முடிந்து ஆண்டகை பந்தியில் உட்கார்ந்தபோது சோறு ஆவி பறந்தது. அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு பங்குச் சனமே இப்படி ஒரே குரலில் பாடுவதைத் தான் கேட்டு நெடுங்காலம் என்றார். யாருடைய மெட்டு என்றும் விசாரித்தார்.

"உள்ளூர் மெட்டு, ஆண்டகை," என்றார் சுவாமியார், சோற்றைப் பார்த்தபடி.

ஜெனீற்றா பந்திக்கு வரவில்லை. கோயிலின் பின்சுவரோடு சாய்ந்து நின்றாள். ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். அவள் முந்தியே அழுது முடித்திருந்தாள்.

"இவ்வளவு காலமும் நான் பாட, சனம் பாத்துக்கொண்டு நிண்டது, அண்ணை," என்றாள். "இண்டைக்கு என்னோட பாடினது. ஆனால் அது என்ரை பாட்டில்லை. நான் இதுக்குச் சந்தோசப்படுறதா, இல்லையா?"

சாப்பிட வாரும் என்று மட்டும் சொன்னேன்.

பட்டணத்துக் குழு வரவில்லை. சுவாமியார் அதைப்பற்றிப் பேசவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஜெனீற்றா வழமைபோல் முன்னால் வந்து நின்று, காணிக்கைப் பாட்டைச் சரியான மெட்டில், மிக அழகாகத் தொடங்கினாள். சனம் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதல் அடி முடிந்தது. அவள் திரும்பிச் சுவாமியாரைப் பார்த்தாள். சுவாமியார் கூரை முகட்டைப் பார்த்தார். அவள் மெட்டை மாற்றினாள்.