செங் ஹுவாட்டின் சிரிப்பு

பினாங்கு படகுத்துறையில் காய்கறி வைத்துச் சுருட்டித் தின்னும் பாப்பியாவுக்கு மெல்லிய மாவுத் தோல் சுட்டு விற்கும் கியோக் சூவுக்கு ஐம்பத்தாறு வயதில் கல்யாண ஆசை வந்துவிட்டது. வரக்கூடாதா என்ன? மாப்பிள்ளை ஊய் தியான், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த புருஷன் செங் ஹுவாட் சம்மதிக்காமல் அவள் வாசலைத் தாண்ட மாட்டாள்.

கூடவே இருக்கும் நாத்தனார் பீ லெங் புத்த மடத்தில் சூத்திரம் ஓதுகிறவள். மாப்பிள்ளை ஊய் தியானோ தாவோ மதக் கோயிலில் தீ மிதிக்கிறவர். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. செத்தவரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்பதில் மட்டும் ஒரே கட்சி.

ஆகவே பௌர்ணமியன்று, செங் ஹுவாட்டின் பெயர் எழுதிய மரப்பலகைக்கு முன் படையல் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் கியோக் சூ தரையில் போட்டாள். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. விழுந்ததோ இரண்டும் நிமிர்ந்து. அப்படியென்றால் மனுஷன் சிரிக்கிறார். மூன்று தடவையும் சிரித்தார்.

"பாத்தியா? இந்த வயசுல உனக்குக் கல்யாணம் கேக்குதான்னு என் தம்பி சிரிக்கிறான்," என்றாள் பீ லெங்.

கியோக் சூவுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரோடு இருந்தவரை அவர் அவளை ஒருநாளும் ஏளனம் செய்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே படையலைப் பார்த்தாள். டோஃபு, காளான், கீரை. பௌர்ணமி என்று நாத்தனார் சைவமாகவே சமைக்க வைத்திருந்தாள்.

"அக்கா, உங்க தம்பி என்னிக்காவது கீரையைத் தொட்டிருக்காரா?"

"பௌர்ணமியில கறி படைச்சா பாவம்டி!"

"அப்ப நாளைக்குக் கேப்போம்."

மறுநாள் சோயாவில் வேகவைத்த பன்றிக்கறி வந்தது, ஒரு பீர் பாட்டிலும் வந்தது. கியோக் சூ மண்டியிட்டாள்.

"இந்தா கிழவா, வயிறாரச் சாப்பிடு. உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன். ஊய் வீட்டுல அவர் பொண்டாட்டி பலகைக்குப் பக்கத்துல உனக்கும் இடம் இருக்கு. வர்றியா?"

ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. மூன்று தடவையும் அப்படியே. கியோக் சூ சந்தோஷத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பீ லெங் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவனும் போயிட்டா, இந்த வீட்டுல நான் யாருக்குடி பத்தி ஏத்துறது?"

நாத்தனாரின் நேற்றைய குத்தல் எங்கிருந்து வந்தது என்று கியோக் சூவுக்கு அப்போதுதான் விளங்கியது. துண்டுகளை மறுபடி எடுத்தாள்.

"கிழவா, உங்க அக்காவும் நம்மகூட வரட்டுமா? ஊய்கூடத் தினம் சண்டை போடுவாங்க."

இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. இந்தத் தடவை பீ லெங்கும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே தன் பெட்டியைத் தேட உள்ளே போனாள்.