ஷிசுவேயின் கடைசிப் பதிவு

ஜப்பானின் ஷிமானே மாவட்டக் கடலோர ஊர் நூலகம் ஒன்றில், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர் குவாபாரா ஷிசுவே. ஊழியர்கள் ஒருவரிடம் ஒருவர் வேலை கற்றுக்கொள்வதற்காகத் தொடங்கிய வலைப்பூவில் அவரே அதிகம் எழுதினார்.

பிப்ரவரியில் நூலகத் தலைவர் ஓகாஷி அவரைக் கூப்பிட்டார். "ஏப்ரல்லேருந்து உங்க ஒப்பந்தம் இல்ல, குவாபாரா-சான். நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சிட்டீங்களே! மத்தவங்க படிச்சுக்குவாங்க."

"கொஞ்சம் அரைகுறையா எழுதியிருக்கணும் நான்," என்றார் ஷிசுவே. ஓகாஷி சிரித்தார்.

கடைசி நாள், தான் மட்டுமே கவனித்துவந்த காது கேளாத வாசகர் நகாஉமியிடம் பெரிதாக எழுதிக் காட்டியே பேசவேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தார். மனிதர் கவுன்ட்டரில் தவித்து நிற்பாரே என்று அதையும் பதிவிட்டார்.

மாலைக்குள் எல்லோரும் பதிவின் கீழே வழக்கமான வரியை இட்டிருந்தார்கள்: "ரொம்ப உழைச்சீங்க, நன்றி." நகாஉமி யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.